கயிறு பிடிக்க நாங்கள் வேண்டும், கயிறு கொண்டு ஏறக் கூடாதா?

எங்கள் பாறையேற்றக் குழுவின் நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினீர்கள். நான்கே வரிகள். பெண்கள் இனி மேலே ஏற்கனவே கயிறு மாட்டியிருக்கும் டாப் ரோப் மட்டும் ஏற வேண்டும், கயிறைத் தாமே கொண்டுபோய் மாட்டும் லீட் ஏறக் கூடாது. பெண்களுக்கான பயிற்சி நேரம் மாலை 3 மணி முதல் 5 மணி வரை. பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்துப் பாறை முகாமுக்கு இந்த முறை ஆண்கள் மட்டும். நான்காவது வரியில் காரணம்: பெண்களின் பாதுகாப்பு கருதி.

அந்த நான்காவது வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புதன்கிழமை உங்கள் அறைக்கே வந்து கேட்டேன். “பொம்பளப் புள்ளைங்க விஷயம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?” என்றீர்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். குழுவின் பெயரையோ யாருடைய பெயரையோ எங்கும் குறிப்பிடவில்லை. எட்டு வருடமாக என்னை வளர்த்த இடம் அது. அதன் பெயரைக் கெடுக்க எனக்கு விருப்பம் இல்லை.

இந்த அறிவிப்புக்குக் காரணமான அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்கிறேன். நிர்வாகிகள் யாரும் அன்று சுவர்ப் பக்கம் இல்லை. நான் இருந்தேன்.

காலை எட்டு மணி இருக்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் லீட் ஏறிக்கொண்டிருந்தார். எடை 79 கிலோ. கீழே அவருக்குப் பிலே கொடுத்துக்கொண்டிருந்தது, அதாவது விழுந்தால் நிறுத்தக் கயிறைப் பிடித்துக்கொண்டிருந்தது, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். எடை 43 கிலோ. ஐந்தாவது குவிக்டிராவில், அதாவது சுவரில் தொங்கும் கொக்கியில், கயிறை மாட்டுவதற்காக அவர் ஒரு கையால் கயிறை மேலே இழுத்தார். அதற்குத் தேவையான அளவு கயிறை அவள் தளர்த்திக் கொடுத்தாள். சரியாக அந்த நொடியில் அவருடைய இடது கால் வழுக்கியது.

லீட் ஏறாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டாப் ரோப்பில் கயிறு ஏற்கனவே மேலே மாட்டியிருக்கும். கை விட்டால் ஓரடி இறங்கித் தொங்குவோம், அவ்வளவுதான். லீட்டில் கயிறை நாமே இடுப்பில் கட்டிக் கொண்டுபோய் ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். கடைசிக் கொக்கிக்கு மேலே எவ்வளவு தூரம் போயிருக்கிறோமோ, விழுந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. கயிறு மாட்டும் நேரத்தில் விழுந்தால் தளர்த்திய கயிறும் அதோடு சேரும். அவர் விழுந்தது அப்படிப்பட்ட விழுதல்.

79 கிலோ கீழே வந்த வேகத்தில் 43 கிலோ மேலே போனது. அந்தப் பெண் தரையிலிருந்து தூக்கப்பட்டு, தோள் சுவரில் மோதி, முதல் குவிக்டிராவுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றாள். தம்பியின் கால் தரைக்கு ஐந்தடி மேலே நின்றது. சுற்றி இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கைக்குக் கீழே, பிலே கருவிக்கு அப்பால் வரும் கயிறை வலது கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அவள் முதலில் சொன்னது, “கைய வுடலக்கா.”

பிலே கற்றுத் தரும் முதல் நாளே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது அது ஒன்றைத்தான். சுவரில் மோதினாலும், கீழே விழுந்தாலும், பிரேக் கையை விடாதே. அவள் விடவில்லை. விட்டிருந்தால் அந்தத் தம்பி தரையில் விழுந்திருப்பார். அவர் அன்று மாலையே மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். குழு என்ன செய்தது? இரண்டு நாள் கழித்து, அவள் இனி லீட் ஏறக் கூடாது என்று தாள் ஒட்டியது.

அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். பெண்கள் பிலே கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. நாளைக்கும் அந்தத் தம்பி லீட் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிக்க ஒரு பெண் வருவாள். அவருடைய உயிரை அவள் கையில் கொடுக்க உங்களுக்குத் தயக்கம் இல்லை. அவளுடைய உயிரை அவள் கையில் கொடுக்க மட்டும் தயக்கம். எனக்குப் புரியாத இடம் இதுதான். புதன்கிழமை நான் கேட்டதும் இதைத்தான். அதற்குப் பதில் வரவில்லை.

அன்று நடந்தது எடைக் கணக்கில் வந்த தவறு. 43 கிலோ எடையுள்ள ஒரு பையன் கயிறு பிடித்திருந்தாலும் அவனும் அதே உயரத்துக்குத்தான் போயிருப்பான். அவன் ஆண் என்பதற்காகப் பூமி அவனைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்காது. ஜோடி சேர்க்கும்போது எடையைப் பார்த்திருக்க வேண்டும். அது என் வேலையும்தான், நான் பார்க்கவில்லை. அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு உலகம் முழுக்க வழி இருக்கிறது. எடை குறைந்தவர் பிலே கொடுக்கும்போது மணல் மூட்டையிலோ தரையில் பதித்த வளையத்திலோ அவருடைய ஹார்னஸை, அதாவது இடுப்பிலும் தொடையிலும் போடும் பட்டையை, கட்டிவைப்பார்கள். முதல் குவிக்டிரா இருக்கும் இடத்தில் மாட்டுவதற்கென்றே ‘ஓம்’ என்று ஒரு கருவி வருகிறது. கனமானவர் விழும்போது கயிறில் உராய்வைக் கூட்டி, கீழே இருப்பவர் தூக்கி எறியப்படாமல் பார்த்துக்கொள்ளும். கிரிகிரி மாதிரிக் கருவிகள் திடீர் இழுப்பு வந்ததும் தாமாகக் கயிறைக் கவ்விக்கொள்ளும். நம்மிடம் இருப்பதெல்லாம் பழைய குழாய் வகைப் பிலே கருவிகள். அவற்றில் நிறுத்தும் வேலை முழுக்கக் கையுடையது. அந்தக் கையில் குறை இல்லை என்பதைத்தான் அந்தப் பெண் காட்டினாள்.

அப்புறம் ஹார்னஸ். பதினொரு பெண்கள் வருகிறோம். சிறிய அளவு ஹார்னஸ் இரண்டுதான் இருக்கிறது. மற்றவர்கள் ஆண்களுக்கான நடுத்தர அளவை முடிந்தவரை இறுக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும், தலைகீழாக விழுந்தாலும் கழன்று வரக் கூடாது என்று நாம்தான் சொல்லித் தருகிறோம். பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இதைப் பார்த்திருக்கலாம். மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் எங்கே இருந்து வந்தவள் என்று உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வடசென்னையில் மலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தட்டையான தரை, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் லாரி. எங்களுக்குப் பாறை என்றால் கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய கருங்கற்கள்தான். காசிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்டினால் அந்தக் கற்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், ஆட்டோ அளவு. அலை அடிக்கும் பக்கம் பாசி பிடித்து வழுக்கும், மேல் பக்கம் வெயிலில் சுடும். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் நிற்கும் என்று கால் வைத்ததும் தெரிந்துவிடும். ஏழெட்டு வயதில் நானும் என் அண்ணனும் அதில் தாவிக்கொண்டே திருவொற்றியூர்ப் பக்கமாகப் போவோம். பன்னிரண்டு வயதில் எனக்கு மட்டும் அது நின்றது. “பெரிய பொண்ணாயிட்ட, இன்னும் கல்லு மேல என்னா குதிக்கிற?” என்று ஆயா சொன்னார். அண்ணன் தொடர்ந்து போனான்.

அதன் பிறகு பதினான்கு வருடம் நான் எதிலும் ஏறவில்லை. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது உங்கள் சுவரைப் பார்த்தேன். உள்ளே வந்து கேட்டதும் நம் மூத்த மாஸ்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, ஷூ அளவு என்ன என்றுதான் கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. இந்த அறிவிப்பில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

ஆண் பெண் உடல் ஒன்றுதான் என்று நான் வாதாட வரவில்லை. வித்தியாசம் இருக்கிறது. பருவம் வந்த பிறகு ஆண்களுக்குத் தோளிலும் கையிலும் தசை கூடுகிறது, சராசரி உயரமும் கை நீளமும் அதிகம். வேகப் போட்டியில் அது பளிச்சென்று தெரியும். உலகம் முழுக்க அந்தச் சுவர் ஒன்றேதான்: 15 மீட்டர் உயரம், அதே பிடிகள், அதே இடைவெளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாதை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் அதை 6.06 வினாடியில் ஏறி உலக சாதனை செய்தார். ஆண்களில் அமெரிக்காவின் சாம் வாட்சன் 4.74 வினாடி. ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். பெண்ணுக்காக யாரும் அந்தச் சுவரைக் குட்டையாக்கவில்லை, பிடிகளை நெருக்கி வைக்கவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு துல்லியமாக அந்த இடைவெளியை நம்மால் சொல்ல முடிகிறது.

பாறைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பாறையில் நாம் தூக்க வேண்டியது நம் உடலை மட்டும். எடை குறைவாக இருப்பது உதவும், விரல் சிறிதாக இருப்பது உதவும், இடுப்பை வளைத்துக் காலைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோக முடிவதும் உதவும். அமெரிக்காவில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கேப்பிடன் என்ற 900 மீட்டர் செங்குத்துப் பாறை இருக்கிறது. அதில் ‘நோஸ்’ என்ற பாதையை, விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும் கயிறை வைத்துக்கொண்டு, கை கால் பலத்திலேயே முழுவதும் ஏறி முடித்த முதல் மனிதர் லின் ஹில். 1993-ல். முதல் பெண் என்று நான் சொல்லவில்லை, முதல் மனிதர். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அதற்கு முன்னால் முயன்ற ஆண்களால் அது முடியவில்லை. அடுத்த வருடமே அதே பாதையை ஒரே நாளுக்குள் ஏறி முடித்தார். அதே பள்ளத்தாக்கில் பெத் ராடன் 2008-ல் ஏறிய ‘மெல்ட்டவுன்’ என்ற விரல் நுழையும் வெடிப்பை இரண்டாவதாக ஒருவர் ஏறுவதற்குப் பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடமும் பல பேர் வந்து முயன்றுவிட்டுப் போனார்கள்.

பாறைப் பாதைகளின் கடினத்தைக் குறிக்கும் பிரெஞ்சு எண்ணை நம் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லித் தருகிறீர்கள். ஆடம் ஓன்ட்ரா 2017-ல் நார்வேயில் ஏறிய ஒரு பாதைக்கு 9சி கொடுத்தார். அதற்கு ஒரு படி கீழே 9பி பிளஸ். 2025-ல் இத்தாலியில் அந்த அளவிலான பாதை ஒன்றை புரூக் ரபூட்டூ ஏறினார், அந்த அளவைத் தொட்ட முதல் பெண். ஆக, உச்சத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இன்று இருப்பது ஒரு படி. பாறையில் இப்படிப் பெயர் எடுத்தவர்கள் எல்லாரும் லீட் ஏறியவர்கள் அல்லது தாங்களே முன்னால் போனவர்கள். டாப் ரோப்பில் தொங்கிக்கொண்டு யாரும் அங்கே போய்ச் சேரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், புதன்கிழமை உங்களில் ஒருவர், “இயற்கையிலயே அவங்களுக்குக் கையில பலம் கம்மிம்மா” என்றார். நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டது. பலம் குறைவு என்பது போட்டி முடிவில் தெரிய வேண்டியது. ஏறுவதற்கு முன்பே பலகையில் ஒட்ட வேண்டியது அல்ல. நம் சுவரில் மூன்றாவது பாதையை இந்த ஜூன் மாதம் எத்தனை பேர் விழாமல் லீட் ஏறினார்கள் என்று உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஐந்து பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். ஒருத்திக்கு வயது பதினாறு. கைக்கு எட்டாத பிடிக்கு அவள் காலை உயர்த்தி, குதிகாலை மாட்டி, உடலைத் திருப்பிப் போகிற அழகைப் பார்த்துத்தான் பையன்கள் அதே இடத்தில் குதிகால் போடக் கற்றுக்கொண்டார்கள்.

நேரத்தைப் பற்றி. மாலை 3 முதல் 5. எங்கள் பெண்களில் எட்டுப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பள்ளி விடுவதே நான்கு மணிக்கு மேல். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிறவள் ரயில்வே கேட்டில் மாட்டினால் நாலே முக்கால். ஷூ போட்டு ஹார்னஸ் மாட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மீதி மூன்று பேர் வேலைக்குப் போகிறவர்கள், நானும் சேர்த்து. ஐந்து மணிக்குள் வர வழியே இல்லை. இது நேரத்தை மாற்றியது ஆகாது, வராதே என்று சொன்னதுதான். போதாததற்கு நம் சுவர் மேற்குப் பார்த்தது. மூன்று மணி வெயிலில் பிடிகள் சுடும், கை வியர்த்து சாக் பவுடர் சேறாகிவிடும். ஆண்களுக்குக் காலை ஆறு மணியும் மாலை ஐந்து மணிக்கு மேலும்.

இருட்டிய பிறகு பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்பது உங்கள் கவலை. நியாயமான கவலை, எனக்கும் உண்டு. ஆனால் 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி என்று வாசலுக்கு வாசல் நிற்கிறது, இரவு பதினொரு மணி வரை. நாங்கள் எப்போதும் கூட்டமாகத்தான் போகிறோம். கடைசிப் பெண் வீட்டுக்குள் போய் வாட்ஸாப்பில் சொன்ன பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். நாலு வருடத்தில் ஒரு நாள் கூட இது தவறியதில்லை. உண்மையில் பயமாக இருக்கும் இடம் எது தெரியுமா? நம் வளாகத்துக்கு வெளியே இருக்கும் அந்த நூறு அடி. அங்கே தெருவிளக்கு எரிந்து பல மாதம் ஆகிறது.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டியிருக்கும், சாவி காவலாளியிடம். அவர் இருக்கும்போது போய்க் கேட்டு வாங்க வேண்டும், இல்லாதபோது அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் பயிற்சி நாளில் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. போன ஏப்ரலில் ஒருத்தி சுவரிலிருந்து இறங்கியதும் மயங்கி விழுந்தது அதனால்தான். அப்போதும் உங்கள் குறிப்பில் ‘பயிற்சி பெறும் பெண்களின் உடல் பலவீனம்’ என்றுதான் எழுதினீர்கள்.

இந்த அறிவிப்பு சுவரோடு நிற்கவில்லை, எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. உங்களுக்கு அது தெரிய வேண்டும். அன்று கயிறு பிடித்த அந்தப் பெண்ணின் அம்மா மீன் விற்கிறார். மகளைச் சுவருக்கு அனுப்ப அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒருநாள் மார்க்கெட்டுக்கே ஒரு கரபினரை, அதாவது கயிறு மாட்டும் உலோகக் கொக்கியை, எடுத்துக்கொண்டு போனேன். ஐஸ் பெட்டி மேல் வைத்து, அதில் பொறித்திருந்த 22 என்ற எண்ணைக் காட்டி, இது இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் அக்கா என்றேன். மீன் செதில் ஒட்டிய கையோடு அதை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். “எங்க ஊட்டுக்காரர் போட்ல இருக்குற கொக்கியவிட இது நல்லா கீது” என்றார். பிறகு முடிச்சைக் கேட்டார். கயிறு இரண்டைச் சேர்க்க நாம் போடும் முடிச்சுக்கு இரட்டை மீனவர் முடிச்சு என்றே உலகத்தில் பெயர் என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, என்னைவிட வேகமாகப் போட்டார். அடுத்த ஞாயிறு மகளை அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

போன வியாழக்கிழமை அவர் என்னிடம் சொன்னது: “அவங்களே வேணான்றாங்க. நான் இன்னா தைரியத்துல அனுப்புவேன்?”

மூன்று மாதம் நான் பேசிச் சேர்த்த நம்பிக்கையை உங்கள் நான்கு வரி ஒரே நாளில் எடுத்துவிட்டது. கையில் காயம் பட்டபோது கூட அவர் மகளை நிறுத்தவில்லை. குழு பயப்படுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் நிறுத்தினார். இன்னும் இரண்டு பெண்களை வீட்டில் இப்படி நிறுத்திவிட்டார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்களால் எதையும் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு நான் வெளிநாட்டுக் கதைதான் சொல்ல வேண்டும் என்றில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் ஆடிய பலகை ஆண்கள் ஆடும் அதே பலகைதான். 2023-ல் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர், நம் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண். உலகத்திலேயே முதலில் எவரெஸ்ட் ஏறிய பெண், ஜப்பானின் ஜுன்கோ தாபெய், 1969-ல் பெண்களுக்கென்று தனி மலையேற்றச் சங்கம் தொடங்கினார். கூட ஏறச் சில ஆண்கள் மறுத்ததால்தான் அது தேவைப்பட்டது. ஆறு வருடத்தில் உச்சிக்குப் போனார். எங்களுக்குத் தனிச் சங்கம் வேண்டாம். இந்தச் சுவரில், இந்தத் தம்பிகளோடு ஏறத்தான் ஆசை. அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த மடலோடு நான் கொடுக்கப்போகும் தாளில் பதினான்கு ஆண்களின் கையெழுத்து இருக்கிறது. முதல் கையெழுத்து அன்று விழுந்த அந்தத் தம்பியுடையது.

முகாம் பற்றிக் கடைசியாக. ராமநகரத்துக் கருங்கல் பாறையில் மூன்று நாள் ஏறினால் பிளாஸ்டிக் பிடியில் மூன்று மாதம் ஏறியதற்குச் சமம் என்று நீங்கள்தான் எங்களிடம் சொன்னீர்கள். முகாமுக்குப் போய் வந்தவர்களைத்தான் போட்டிக்கு அனுப்பும்போது முதலில் பார்க்கிறீர்கள். லீட் ஏற விடாமல், முகாமுக்கும் விடாமல் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் ‘தகுதியான பெண்கள் இல்லை’ என்று எழுதுவீர்கள். இரண்டு வருடம் முன்னால் ஒருமுறை அப்படி எழுதியும் இருக்கிறீர்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் போல்டரிங் (கயிறு இல்லாமல் குட்டைச் சுவர் ஏறுவது), லீட், வேகம் என்று ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று தனித்தனிப் போட்டிகள். எங்கள் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மாவட்டப் போட்டியிலாவது லீட் சுவருக்குக் கீழே நிற்க அவர்களுக்கு உரிமை வேண்டும்.

நான் கேட்பது இவை.

செவ்வாய்க்கிழமை ஒட்டிய அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அதே பலகையில், திரும்பப் பெறுகிறோம் என்று எழுத்தில் ஒட்டுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, வீட்டில் அம்மாக்களிடம் நான் காட்ட வேண்டும். லீட் ஏறவும் லீட் பிலே கொடுக்கவும் ஒரே தேர்வு வையுங்கள், ஆண் பெண் எல்லாருக்கும். தேறியவர் ஏறட்டும், தேறாதவர் மறுபடி கற்றுக்கொள்ளட்டும். நானும் அந்தத் தேர்வை முதலிலிருந்து எழுதத் தயார்.

பிலே ஜோடியை எடை பார்த்துச் சேர்க்கும் விதியை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ஒரு எடை பார்க்கும் இயந்திரமும், தரையில் இரண்டு வளையமும், அதுவரைக்கும் இரண்டு மணல் மூட்டையும் போதும், இந்த வாரமே செய்யலாம். கிரிகிரி வகைக் கருவி இரண்டும், சிறிய அளவு ஹார்னஸ் நான்கும் வாங்க வேண்டும். காசு இல்லை என்றால் சொல்லுங்கள், பாதியை நாங்கள் திரட்டுகிறோம்.

பயிற்சி நேரத்தை முன்பு இருந்தபடி எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். பெண்கள் கழிப்பறைச் சாவியில் ஒன்றை எங்களிடம் கொடுங்கள். தெருவிளக்குக்கு மாநகராட்சியில் நான் ஏற்கனவே புகார் எண் வாங்கியிருக்கிறேன். குழுவின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

முகாமுக்கு விண்ணப்பித்த நான்கு பெண்களின் பெயரையும் பட்டியலில் சேருங்கள். பொறுப்பாளராக ஒரு பெண் வேண்டுமென்றால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு என் செலவில் வருகிறேன். நிர்வாகக் குழுவில் ஏழு பேர் இருக்கிறீர்கள், ஒரு பெண் கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு இடம் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு உங்களில் ஒருவர் நேரில் போக வேண்டும் என்பதும் என் கோரிக்கை. மூத்த மாஸ்டரே போனால் நல்லது. உன் பெண் அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்று அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். காலை நான்கு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவர் மார்க்கெட்டில் இருப்பார், அதன் பிறகு வீட்டில்தான்.

வரும் சனிக்கிழமைக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வர முடிந்த பெண்கள் எல்லாரும் ஷூவோடு வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் சுவரில் எட்டு வருடமாக ஏறும் ஒருத்தி,
காசிமேடு